ஈர மசால்

தண்ணீரூற்று என்ற ஊருக்குக் கிழக்கே காட்டோரமாகப் போகும் ஒழுங்கையில், மீனம்மா குடியிருந்த காணியில் அவள் கையால் வைத்த மரம் ஒன்றுகூட இல்லை. ஏழு மாரி அங்கே கழித்திருந்தாள். கத்தரி வைத்தாள், பயற்றை வைத்தாள், கச்சான் கடலை போட்டாள். ஒரு போகத்தில் பிடுங்கி முடிக்கக்கூடிய எதையும் வைத்தாள். ஊரில் ஒருமுறை தென்னம்பிள்ளைகளை இலவசமாகக் கொடுத்தபோது தானும் போய் இரண்டை வாங்கி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மனம் மாறி, அவற்றை அடுத்த வளவுக்காரியிடம் கொடுத்துவிட்டாள்.

"ஏன்டி குடுத்தே?" என்று புருஷன் சங்கிலி கேட்டான்.

"அது காய்க்கிறதுக்குள்ள நம்மள எழும்பச் சொல்லிருவாங்க."

காணி அவர்களுடையதல்ல என்பது சங்கிலிக்கும் தெரியும். அது கச்சு முகம்மது என்பவருடைய காணி. தொண்ணூறாம் ஆண்டு வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் ஆயுத இயக்கம் வெளியேறச் சொன்னபோது, அந்தக் குடும்பம் கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு புத்தளம் போய்விட்டது. ஆறு வருடம் கழித்து, கிளிநொச்சியில் சண்டை வந்து ஊரே பெயர்ந்தபோது, சங்கிலியும் மீனம்மாவும் ஒரு பசு, ஒரு மகள், இரண்டு பானை, ஒரு மண்வெட்டியோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். "அந்தக் காணி சும்மாதான் கிடக்குது, போய் இருங்கோ" என்று யாரோ சொன்னார்கள். சொன்னவரின் முகம்கூட இப்போது மீனம்மாவுக்கு ஞாபகமில்லை. ஆனால் அந்தச் சொல்லைத் தவிர அவர்கள் அங்கே இருப்பதற்கு வேறு எந்த ஆதாரமும் இல்லை.

எழும்புவது அவளுக்குப் பழகிய வேலை. எழுபத்தேழு கலவரத்தில் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்த லயம் எரிந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. அன்றைக்கு எழும்பி வன்னிக்கு வந்தவள்தான். அதன் பிறகு எந்த இடத்தில் படுத்தாலும், எழும்பும்போது எதை முதலில் எடுப்பது என்று யோசித்துவிட்டுத்தான் கண் மூடுவாள்.

சமாதானம் வந்தது. ஏ9 பாதை திறந்தது. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். மீனம்மாவுக்கு மட்டும் பயம். பாதை திறந்தால் காணிக்காரர் வருவார்கள்.

அந்த நேரத்தில்தான் கால்நடை உத்தியோகத்தர் யோகநாதன் ஒரு சிறிய சீலைப் பையோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஏதோ ஒரு நிறுவனம் மாடு வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி அனுப்பிய விதை. அப்போது மீனம்மாவிடம் மூன்று பசுக்கள் நின்றன. கோடை வந்தால் மூன்றும் விலா எலும்பு தெரிய நிற்கும். பால் அரைப் போத்தலுக்கு இறங்கிவிடும்.

"இதுக்குப் பேர் அல்பல்பா. புத்தகத்தில குதிரைமசால் எண்டு போட்டிருப்பினம்," என்றார் யோகநாதன். "மாட்டுக்கு இதை விடச் சத்தான தீன் இல்லை. மண்ணுக்கும் நல்லது. இதின்ர வேர் ஆளுயரத்துக்கு மேல கீழ இறங்கும். கச்சான் போட்டுப் போட்டுச் செத்துப்போன உங்கட மண்ணை இது எழுப்பும்."

மீனம்மா விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். கடுகைப் போலச் சின்னது, வெளிர் மஞ்சள்.

"எத்தனை மாசத்துப் பயிருங்க?"

"மாசமோ? ஒருக்கா விதைச்சா நாலு வருஷம் நிக்கும் அக்கா. வெட்ட வெட்டத் துளிர்க்கும்."

அவள் கை தானாகப் பையை அவர் பக்கம் நீட்டியது. நாலு வருஷம். தென்னம்பிள்ளைக்கே பயந்தவள் அவள். யோகநாதன் வாங்கவில்லை. காணிக் கதை அவருக்குத் தெரிந்திருந்தது.

"யோசியாமல் போடுங்கோ. நாளைக்கு ஆர் வந்தாலும் மண் நல்லா இருந்தா ஒருத்தருக்கும் நட்டமில்லை," என்று சொல்லிவிட்டு விதைக்கிற முறையைச் சொல்லிக் கொடுத்தார்.

அவர் சொன்னதைவிட, வேலியோரம் நின்ற பசுக்கள்தான் அவளை விதைக்க வைத்தன. மாரித் தண்ணீர் வடிந்த தை மாதம், கிணற்றுக்குப் பின்னால் கச்சான் எடுத்த அரை ஏக்கரில் ஒரு பங்கைத் தூளாகக் கொத்தி, தண்ணீர் தேங்காமல் பாத்தியை உயர்த்திக் கட்டினாள். யோகநாதன் கொடுத்த கறுத்த தூளை ஆறிய சோற்றுக் கஞ்சியில் கரைத்து, விதையை அதில் பிரட்டி, நிழலில் உலர்த்தி, மணலோடு கலந்து தூவினாள். அந்தத் தூளில் இருந்த கிருமிதான் வேரில் முடிச்சு வைக்கும், அந்த முடிச்சுத்தான் மண்ணுக்கு உரம் என்று அவர் சொல்லியிருந்தார். சங்கிலி விறகு வெட்டப் போகும்போது நின்று பார்த்துவிட்டு, "மணலையும் கஞ்சியையும் விதைக்கிறவளை இப்பத்தான் பாக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டு போனான்.

முளை மெல்லியதாக வந்தது. களை அதைவிட வேகமாக வந்தது. மீனம்மா குந்தியிருந்து விரலால் களை பிடுங்கினாள். பங்குனி முடியும்போது பயிர் முழங்காலைத் தொட்டது. மூன்று மூன்று இலையாக, நுனியில் ஊதாப் பூவோடு நின்றது. முதல் வெட்டுக்கு முன் யோகநாதன் வந்து ஒரு செடியைக் கிண்டி எடுத்து வேரைக் காட்டினார். வெண் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒன்றை நகத்தால் நசுக்கினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

"பிடிச்சிட்டுது," என்றார்.

பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "இப்ப சொல்லுறதை நல்லாக் கேளுங்கோ," என்றார். "இது நல்ல தீன்தான், ஆனால் ஆபத்தும் இருக்கு. வெறும் வயித்தோட மாட்டை இதுக்குள்ள விடக்கூடாது. பனி ஈரம், மழை ஈரம் இருக்கேக்க விடவே கூடாது. வயித்துக்குள்ள நுரைச்சு ஊதும். ஏப்பம் விட ஏலாமல் மாடு மூச்சடைச்சுச் செத்துப்போகும். வெட்டி, வெயிலில வாட விட்டு, வைக்கோலோட கலந்து போடுங்கோ."

அவளுடைய பசுவின் இடப்பக்கத்தில் விரலை வைத்தும் காட்டினார். கடைசி விலா, இடுப்பெலும்பு, மேலே முதுகு விளிம்பு. மூன்றுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம். "எண்ணெய் பருக்கியும் சரிவராட்டி, என்னைக் கூப்பிடவும் நேரமில்லாட்டி, இந்த இடத்தில குத்திக் காத்தை வெளியேத்த வேணும். அது கடைசி வழி. அப்பிடி ஒரு நாள் வராமல் பாருங்கோ."

மீனம்மா தலையாட்டினாள். அப்படிப் பயம் கொடுத்த பிறகு அவள் ஒரு கைப்பிடிகூட ஈரமாகப் போட்டதில்லை. பசுக்கள் தேறின. கோடையிலும் பால் இறங்கவில்லை. எருவில்கூட ஒரு வித்தியாசம் தெரிந்தது. அவளும் அந்தப் பெயரைச் சுருக்கி மசால் என்றே சொல்லப் பழகினாள். ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு அது மறுபடி துளிர்க்கும்போது அவளுக்குச் சந்தோஷத்தோடு ஒரு நடுக்கமும் வந்தது. பிடுங்கி ஒளிக்க முடியாத ஒன்றைத் தான் இன்னொருவர் காணியில் ஊன்றிவிட்டோம் என்று தோன்றியது.

ஆடி மாதம் ஒரு வான் வந்து ஒழுங்கை முகப்பில் நின்றது.

இறங்கியவர்கள் இரண்டு பேர். முக்காடு போட்ட, ஒல்லியான, அறுபதை நெருங்கிய ஒரு பெண். அவளுடைய மகன், முப்பது வயதிருக்கும். அந்தப் பெண் யாரையும் கேட்காமல் நேரே கிணற்றடிக்குப் போய், கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்படி எட்டிப் பார்த்த விதத்திலேயே மீனம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கையில் அரிவாளோடு மசால் பாத்தியில் நின்றவளுக்கு, நிற்பதா போவதா என்று தெரியவில்லை.

"நான் உம்மு ஹானி," என்றாள் அந்தப் பெண். "கச்சு முகம்மதுவின்ர பெண்சாதி. அவர் புத்தளத்தில மவுத்தாகிட்டார். இவன் நவ்பர், என்ர மகன்."

"வாங்கம்மா," என்றாள் மீனம்மா.

வீட்டுக்குக் கூரை இல்லை; சுவர் இடுப்பளவில் நின்றது. உம்மு ஹானி அதைச் சுற்றி வந்தாள். அழவில்லை. திரும்பி வந்து பச்சைப் பாத்தியைப் பார்த்தாள். "இது என்ன பயிர் தங்கச்சி?"

"மாட்டுத் தீனுங்க."

"கனகாலம் நிக்குமோ?"

"இல்லீங்கம்மா. ஒரு போகந்தான்."

பொய் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. உம்மு ஹானி தலையசைத்துவிட்டுப் போனாள். வான் போன பிறகுதான் மீனம்மா அரிவாளைக் கீழே வைத்தாள்.

புரட்டாதியில் அவர்கள் தகரமும் தடியும் கொண்டு வந்து இறங்கினார்கள். காணியின் முன்பாதியில், பழைய வீட்டு அத்திவாரத்தின்மேல் ஒரு கொட்டில் எழுந்தது. நவ்பர் மோட்டார் சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றான். பின்மூலையில் இருந்த மீனம்மாவின் கொட்டிலைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நாமளே போய்க் கேட்டா என்ன?" என்றான் சங்கிலி.

"கேட்டா, ஓம் எழும்புங்கனு சொல்லிட்டாங்கன்னா?"

"சொன்னா எழும்ப வேண்டியதுதான். அவங்க காணி."

"எங்க போறது?"

மகள் வவுனியாவில் கலியாணம் முடித்து, ஒரு வாடகை அறையில் இருந்தாள். வேறு யாரும் இல்லை.

அப்படியே இரண்டு வீட்டுக்காரரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு, தண்ணீரைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசினார்கள். மீனம்மா பால் கொண்டுபோய்க் கொடுத்தால் உம்மு ஹானி வாங்கிக்கொண்டு, போத்தலைக் கழுவி, அதில் ஏதாவது போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். சும்மா வாங்க மாட்டாள். அந்தச் சரிக்குச் சரி மீனம்மாவை இன்னும் பயப்படுத்தியது. ஒருவருக்கொருவர் கடமைப்படாமல் இருக்கப் பார்க்கிறார்கள் என்றால், நாளைக்கு எழும்பச் சொல்வதற்கு வசதியாகத்தான் என்று நினைத்தாள்.

ஐப்பசியில் நவ்பர் வட்டக்கச்சிப் பக்கமிருந்து ஒரு சிவலைப் பசுவை வாங்கி, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்தான். நிறைமாதச் சினை. உம்மு ஹானி அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றாள். அன்றைக்கு மீனம்மாவுக்கு யோகநாதன் சொன்னது ஞாபகம் வந்தது. ஈர மசாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லப் போனால், அது நாலு வருஷப் பயிர் என்பதும் வெளியில் வரும். ஒரு போகந்தான் என்று சொன்னவள் அவள். வெட்டிய பயிர் மறுபடி எழுந்து நிற்பதை உம்மு ஹானி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், எதுவும் கேட்கவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று மீனம்மா தள்ளிப் போட்டாள். அந்த நாளை வரவில்லை.

நோன்பு மாதம் தொடங்கியது. மாரியும் தொடங்கியது. விடியுமுன் சாப்பிட்டு நோன்பு பிடிக்க உம்மு ஹானி எழும்புவாள். அவளுடைய குசினி விளக்குத் தெரியும்போதே மீனம்மாவுக்கும் விழிப்பு வந்துவிடும்.

ஒருநாள், இரவு முழுக்கத் தூறி விடிந்த காலை. மீனம்மா தண்ணீருக்குப் போனாள். கிணற்றடியில் நின்றபோது, மசால் பாத்திக்குள் சிவலைப் பசு நிற்பதைக் கண்டாள். கட்டை அறுத்துக்கொண்டு வந்ததல்ல. உம்மு ஹானி கயிற்றைப் பிடித்தபடி வரம்பில் நின்றாள். பசு தலை தூக்காமல் அறுத்து அறுத்துத் தின்றது. இலையெல்லாம் நீர்த்துளி.

மீனம்மாவுக்கு முதலில் தோன்றியது ஈரமல்ல. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டை இறக்கிவிட்டாளே, இது என் காணி என்று காட்டுகிறாள் என்பதுதான். நெஞ்சு சுட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு, பார்க்காதவள் போலத் திரும்பிக் கொட்டிலுக்கு நடந்தாள்.

அடுப்பை மூட்டினாள். தண்ணீர் வைத்தாள். தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே நெஞ்சுச் சூடு ஆறிவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. வெறும் வயிறு. மழை ஈரம். நிறைமாதச் சினை. அவள் அடுப்பை விட்டு எழுந்து ஓடினாள்.

பசுவைப் பாத்தியிலிருந்து கொண்டுபோய்க் கொட்டில் முன்னால் கட்டியிருந்தாள் உம்மு ஹானி. பார்க்க ஒன்றுமில்லைப் போலத்தான் இருந்தது. கிட்டப் போனால் இடப்பக்கப் பள்ளம் இல்லை. பள்ளம் இருக்க வேண்டிய இடம் மேடாக இருந்தது. பசு பின்காலால் வயிற்றை உதைத்தது. வாயில் எச்சில் வடிந்தது.

"என்ன தங்கச்சி?" என்றாள் உம்மு ஹானி.

"அக்கா, மாட்டுக்கு வயிறு ஊதுது. ஈர மசால் தின்னுட்டுது."

அம்மா என்று அழைத்து வந்தவள் அன்று அக்கா என்று அழைத்ததை இருவரும் கவனிக்கவில்லை. நவ்பர் நித்திரையிலிருந்து எழுந்து வந்தான். சங்கிலி விடியவே காட்டுக்குப் போயிருந்தான். நவ்பர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு யோகநாதனைத் தேடிப் போனான். மீனம்மா வீட்டிலிருந்த நல்லெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் போத்தலில் ஊற்றி, பசுவின் தலையைத் தூக்கிப் பிடித்துப் பருக்கினாள். வாய்க்குள் குறுக்கே ஒரு வேப்பந்தடியைக் கட்டினாள், மென்று மென்று ஏப்பம் விடட்டும் என்று. முன்காலை மேட்டில் ஏற்றி நிறுத்தினார்கள். உம்மு ஹானி வயிற்றைப் பிசைந்தாள். பசு ஏப்பம் விடவில்லை. தோல் இறுகிக்கொண்டே போனது. தட்டினால் மேளத்தில் தட்டினதுபோலக் கேட்டது.

நவ்பர் திரும்பி வந்தான். "அவர் விசுவமடுவுக்குப் போயிட்டாராம். ஆள் அனுப்பியிருக்கு."

விசுவமடு தூரம். பசு நாக்கை வெளியே தள்ளி மூச்சுக்கு இழுத்தது. முன்கால் மடிந்து, பிறகு முழு உடம்பும் சரிந்து விழுந்தது.

நவ்பர் உள்ளே போய் நீளக் கத்தியோடு வந்தான். "உம்மா, இது தப்பாது. உயிர் இருக்கேக்க அறுத்திருவம். செத்தா மையித்தாப் போயிரும், ஒருத்தருக்கும் உதவாது."

உம்மு ஹானி பசுவின் தலைமாட்டில் குந்தியிருந்தாள். "வயித்தில கன்று இருக்கடா."

"தெரியும் உம்மா. வேற என்ன செய்யிறது?"

மீனம்மாவுக்கு அந்தப் பள்ளம் தெரியும். விரல் வைத்துக் காட்டிய இடம் கண்முன்னால் நின்றது. ஆனால் அவள் ஒருநாளும் செய்ததில்லை. கன்று வலப்பக்கம், கத்தி இறங்க வேண்டியது இடப்பக்கம். பிழைத்தால் பிழைக்கும். தவறினால், காணிக்காரியின் மாட்டைக் கத்தியால் குத்திக் கொன்றவள் என்று பேர். அதற்குப் பிறகு எழும்பச் சொல்லத் தேவையே இருக்காது. தாங்களாகவே போக வேண்டியதுதான்.

"அந்தக் கத்தியக் குடு தம்பி," என்றாள்.

நவ்பர் கொடுக்கவில்லை. "என்னத்துக்கு?"

"ஒரு இடம் இருக்கு. குத்தினா காத்து வெளிய வரும். யோகநாதன் ஐயா காட்டித் தந்தாரு. நான் செஞ்சதில்ல. சரிவரும்னு சொல்ல மாட்டேன்."

அவன் தாயைப் பார்த்தான். குத்திய பிறகு அறுத்தால் மார்க்கப்படி ஆகுமா ஆகாதா என்ற கேள்வியும் அவன் கண்ணில் இருந்தது. உம்மு ஹானி மீனம்மாவைப் பார்த்தாள். வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் அப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை.

"குடு," என்றாள் மகனிடம். "அவ செய்யட்டும்."

மீனம்மா கத்தியைக் கொதிநீரில் கழுவினாள். வேலியோரப் பப்பாசியில் ஒரு இலைத்தண்டை முறித்து, குழாயை ஊதிப் பார்த்தாள். கடைசி விலாவைத் தடவினாள்; இடுப்பெலும்பைத் தடவினாள். உப்பிய தோலில் பள்ளம் எங்கே என்று கண்டுபிடிப்பதே கடினமாக இருந்தது. நவ்பர் தலையைப் பிடித்துக்கொண்டான். உம்மு ஹானி வாய்க்குள் ஓதத் தொடங்கினாள். மீனம்மா எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. கூப்பிட நினைவு வரவில்லை. முன்னும் கீழும் சரித்துக் கத்தியைப் பலமாக இறக்கினாள்.

சீறிக்கொண்டு காற்று வந்தது. அதோடு பச்சை நுரை. புளித்த நாற்றம் மூவரையும் முகத்தைத் திருப்ப வைத்தது. கத்தியைச் சற்றே திருப்பி, வெட்டுவாய் மூடாமல் பிடித்துக்கொண்டு பப்பாசிக் குழாயைச் செருகினாள். நுரை குழாயை அடைத்தது. உருவித் துடைத்துத் திரும்பச் செருகினாள். பிறகும் அடைத்தது. பிறகும் உருவினாள். எண்ணெய் அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியதோ என்னவோ, நுரை மெல்ல மெல்ல உடைந்து வெறும் காற்றாக வந்தது. மேடு இறங்கியது. பசு ஒரு நீண்ட மூச்சு விட்டது. அது கடைசி மூச்சோ என்று மூன்று பேரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். அடுத்ததும் வந்தது.

யோகநாதன் வந்து சேர்ந்தபோது மத்தியானம் திரும்பிவிட்டது. பசு எழும்பி நின்றது. அவர் புண்ணைக் கழுவித் தைத்து, ஊசி போட்டார். "இடம் கொஞ்சம் பின்னால போயிருக்கு. ஆனால் உயிர் இருக்கு," என்றார். "காய்ச்சல் வருதோ எண்டு பாக்க வேணும். கன்றும் தங்குமோ எண்டு இப்ப சொல்ல ஏலாது." போகும்போது மசால் பாத்தியைப் பார்த்தார், மீனம்மாவைப் பார்த்தார். "நான் இதைப் பற்றிச் சொன்னனான் அல்லே?"

"சொன்னீங்க," என்றாள் அவள்.

அன்று நோன்பு திறந்த பிறகு, உம்மு ஹானி ஒரு கிண்ணத்தில் நோன்புக் கஞ்சியோடு பின்மூலைக்கு வந்தாள். அந்தக் கொட்டிலுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. சங்கிலி எழுந்து நின்றான். மீனம்மா பாயை விரித்தாள். உம்மு ஹானி உட்கார்ந்தாள். கஞ்சியை யாரும் தொடவில்லை.

"அக்கா, ஒன்னு சொல்லணும்," என்றாள் மீனம்மா. சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. "மாடு மசாலுக்குள்ள நிக்கிறத நான் பாத்தேன். ஈரத்தில விட்டா ஊதும்னு எனக்குத் தெரியும். பாத்துட்டுப் பேசாம வந்துட்டேன்."

உம்மு ஹானி கஞ்சிக் கிண்ணத்தைப் பாயின் ஓரத்துக்கு நகர்த்தினாள். சங்கிலி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏன்?" என்றாள் உம்மு ஹானி.

"கேக்காம இறக்கிட்டீங்களேனு கோபம். இது என் காணின்னு காட்டுறீங்கன்னு நெனைச்சேன். அது ஒரு போகப் பயிர்னு சொன்னதும் பொய். நாலு வருஷம் நிக்கும்."

"அது பொய்யெண்டு எனக்கு முதல் மாசமே தெரியும்." உம்மு ஹானி முக்காட்டை இழுத்துவிட்டாள். "தெரிஞ்சுதான் நானும் பயந்து கிடந்தனான். நாலு வருஷப் பயிரை ஊண்டி வைச்சிருக்கினம், இவை எழும்ப மாட்டினம், இனி நாங்கள் வந்த வழியே போக வேண்டியதுதான் எண்டு. எங்களை ஒருக்கா அனுப்பின ஊர் தங்கச்சி இது. இன்னொருக்கா அனுப்ப எவ்வளவு நேரம் செல்லும்? இண்டைக்கு நான் கேக்காமல் இறக்கினதும் அதுக்குத்தான். உன்னைக் கேட்டா அது உன்ர எண்டு நான் ஒப்புக்கொண்டதாப் போயிரும் எண்டு."

மீனம்மா அவளையே பார்த்தாள். அந்த முன்கொட்டிலில் விளக்கு எரிந்த ஒவ்வொரு விடியலும், இவளும் தன்னைப் போலத்தான் முழித்துக் கிடந்திருக்கிறாள் என்பதை அவளால் உடனே நம்ப முடியவில்லை.

"உன்னில எனக்குக் கோபம் இல்லை எண்டு சொல்ல மாட்டன்," என்றாள் உம்மு ஹானி எழும்பும்போது. "கோபம்தான். கஞ்சியைக் குடியுங்கோ, ஆறுது."

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் கழித்துப் பசு கன்று போட்டது. கிடாரிக் கன்று. நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை. புண் ஆற இன்னும் ஒரு மாதம் எடுத்தது. அந்த மாதம் முழுக்க மீனம்மாதான் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டாள். இரண்டு பெண்களும் கிணற்றடியில் மழையைத் தவிர வேறு கதையும் கதைக்கத் தொடங்கினார்கள். ஆனால் காணிக் கதை முடியவில்லை. நவ்பர் ஒருமுறை பின்மூலையை அளந்தான். எதற்கு என்று மீனம்மா கேட்கவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவும் இல்லை. கழிவறைக்குக் குழி வெட்ட அளந்தான் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மறுவருட மார்கழியில் கடல் வந்து முல்லைத்தீவுக் கரையைக் கொண்டுபோனது. கரையிலிருந்து ஓடி வந்தவர்களால் பள்ளிக்கூடங்கள் நிரம்பின. சிவலையின் பாலும் மீனம்மாவின் பசுக்களின் பாலும் ஒரே குடத்தில் அங்கே போயின. யாருடைய பால் எவ்வளவு என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது வருடம் மசால் அடர்த்தி குறையத் தொடங்கியது. மாரித் தண்ணீர் சில இடத்தில் வேரை அழுக வைத்திருந்தது. யோகநாதன் அதைப் பிரட்டிப் போட்டுக் கச்சான் விதைக்கச் சொன்னார். மீனம்மாவுக்கு மனமில்லை. கண்முன்னே நிற்கும் தீனை உழுதுவிட்டு, விளைச்சல் வராமல் போனால்? உம்மு ஹானி வரம்பில் குந்தியிருந்து மண்ணைக் கையில் எடுத்தாள். பிடித்தால் உருண்டது, விட்டால் உதிர்ந்தது. மண்புழு ஒன்று நெளிந்தது.

"அவர் இருக்கேக்க இந்த மண்ணில மண்புழுவை நான் கண்டதில்லை," என்றாள். "பிரட்டு. பாதியைப் பிரட்டு, பாதி நிக்கட்டும்."

பாதியைப் பிரட்டினார்கள். வேர்கள் கலப்பையில் கயிறுபோலச் சுற்றின. அந்தப் போகம் கச்சான் பிடுங்கியபோது, கொடி முழுக்கக் கோதுக் காயாகத் தொங்கியது. கோதை உடைத்தால் உள்ளே வெறும் சுருங்கல் இல்லை, மூன்று பருப்பு நிறைந்து கிடந்தது. இரண்டு வீட்டு முற்றத்திலும் காயப்போட இடம் போதவில்லை.

இரண்டாயிரத்தாறு ஆவணியில் பாதை மூடியது. மறுபடி செல் குண்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. நவ்பர் வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுக்க அலைந்தான். உம்மு ஹானி போக மாட்டேன் என்று இரண்டு நாள் பிடிவாதமாக இருந்தாள். மூன்றாம் நாள் தானே மூட்டை கட்டினாள். சிவலையின் கயிற்றை அவிழ்த்து, அதன் புதுக் கன்றையும் கூட்டிக்கொண்டு பின்மூலைக்கு வந்து மீனம்மாவின் பசுக்களோடு கட்டினாள்.

"நான் வராட்டி காணியைப் பார்த்துக்கொள் எண்டு சொல்ல மாட்டன்," என்றாள். "வருவன். அதனால சொல்ல மாட்டன்."

"வாங்க அக்கா," என்றாள் மீனம்மா. அதைச் சொல்லும்போது, வர வேண்டும் என்று தான் உண்மையாகவே விரும்புவதைக் கண்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

உம்மு ஹானி வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, மார்கழி மழையில், செல்வீச்சு தண்ணீரூற்றை நெருங்கியபோது சங்கிலியும் மீனம்மாவும் எழும்பினார்கள். எதை முதலில் எடுப்பது என்று எத்தனையோ வருடம் யோசித்து வைத்ததெல்லாம் அன்று அவளுக்கு உதவவில்லை. கடைசியில் மாடுகளின் கயிறுகளை அவிழ்த்துவிட்டாள். அவை போகாமல், மழை ஈரத்தில் நின்ற மசால் பாத்தியைப் பார்த்து நடந்தன. அவள் சத்தம் போட்டு, கல்லெறிந்து காட்டுப் பக்கம் விரட்டினாள். சங்கிலி கையைப் பிடித்து இழுக்கும் வரை எறிந்துகொண்டேயிருந்தாள்.

பிறகு வந்த மாதங்களைப் பற்றி அவள் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. சண்டைக்குள்ளிருந்து உயிரோடு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். சங்கிலிக்கு ஒரு காதின் கேள்வி போயிருந்தது. செட்டிகுளத்து முகாமில் கூடாரத்தில் இருந்துவிட்டு, மறுவருடக் கடைசியில் வவுனியாவில் மகளின் வாடகை அறைக்குப் போனார்கள். மகளுடைய கைத்தொலைபேசிக்கு ஒருநாள் புத்தளத்திலிருந்து அழைப்பு வந்தது. நவ்பர் யார் யாரையோ கேட்டு இலக்கம் எடுத்திருந்தான்.

"தங்கச்சி," என்றாள் உம்மு ஹானி. குரல் மெலிந்திருந்தது. "இருக்கிறியோ?"

"இருக்கேன் அக்கா. அவரும் இருக்காரு. மாட்டையெல்லாம் அவுத்து விட்டுட்டேன். சிவலையையும். என்னாச்சுன்னு தெரியல."

"மாட்டை விடு. அங்க போக விடுகினமோ?"

"இன்னும் இல்லையாம். கண்ணிவெடி எடுக்கிறாங்களாம். ஆர்மிக்காரன் நிக்கிறானாம்."

மறுமுனையில் உம்மு ஹானி நவ்பரிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

"நீ தனியாப் போகாதே," என்றாள் உம்மு ஹானி. "நானும் தனியா வரமாட்டன். பாதை விட்ட உடன எனக்குச் சொல்லு. நான் வவுனியாவில வந்து இறங்கிறன். ரெண்டு பேரும் சேர்ந்து போவம். தனித்தனியாப் போனா ஆளுக்கொரு கதை சொல்லித் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

"சரிங்க அக்கா," என்றாள் மீனம்மா.

தொலைபேசியை மகளிடம் கொடுத்தாள். சங்கிலி கேட்கும் காதைத் திருப்பிக்கொண்டு, என்ன சொன்னாங்க என்று கேட்டான். அவள் சொன்னாள். பிறகு, போகிற அன்றைக்கு மண்வெட்டி ஒன்று வாங்க வேண்டும் என்றும், அதை பஸ்ஸில் கொண்டுபோக ஆர்மிக்காரன் விடுவானோ தெரியவில்லை என்றும் சொன்னாள்.